படம் எடுத்தவர் ஒருத்தர்... பேர் வாங்கினவர் இன்னொருத்தர்!

ராத்திரி கண்முழிச்சு நீங்க தயாரிச்ச ரிப்போர்ட்டை, மேனேஜர் தன் பேர்ல மேலிடத்துக்கு அனுப்பின அனுபவம் உண்டா? அப்படின்னா, ராபர்ட் ஃப்ரெஞ்ச்சை உங்களுக்குப் பிடிக்கும்.

அயர்லாந்தின் பழைய போட்டோக்கள் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. கில்லார்னி ஏரிகள், மோஹர் கடலோரச் செங்குத்துப் பாறைகள், டப்ளின் வீதியில் நெல்சன் தூண்... எதைப் பார்த்தாலும் 'லாரன்ஸ் கலெக்‌ஷன்' என்றே போட்டிருக்கும். 'யாருய்யா இந்த லாரன்ஸ், மகா கலைஞன்!' என்று வியந்துகொண்டிருந்தேன்.

விசாரித்தால்... வில்லியம் லாரன்ஸ், டப்ளினில் 1865-ல் கடை திறந்த முதலாளி! காமிராவும் கையுமாக ஊர் ஊராக அலைந்தது, அவரிடம் சம்பளத்துக்கு இருந்த ஃப்ரெஞ்ச். முன்னாள் போலீஸ்காரர்! சுமார் 40,000 கண்ணாடி நெகடிவ்களில் பெரும்பாலானவை அவர் கைவண்ணம்தான்.

1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் கடை சூறையாடப்பட்டு எரிந்தது. ஆட்களை எடுத்த நெகடிவ்கள் சாம்பல். வேறிடத்தில் வைத்திருந்த ஊர்க் காட்சிகள் மட்டும் பிழைத்தன. 1943-ல் அயர்லாந்து தேசிய நூலகம் 300 பவுண்டுக்கு அவற்றை வாங்கிப் பத்திரப்படுத்தியது.

நெல்சன் தூணை 1966-ல் குண்டு வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஃப்ரெஞ்ச் எடுத்த படத்தில் அது இன்னமும் கம்பீரமாக நிற்கிறது!

கடை போச்சு, தூண் போச்சு... முதலாளி பேர் மட்டும் அசையவே இல்லை, பார்த்தீங்களா?