டிராகன் எலும்புக் கஷாயம்

சீன எழுத்தின் ஜாதகத்தைச் சீனர்களே அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள், சார்! ஜோக் இல்லை. நிலத்தில் கிடைத்த பழைய எலும்புகள் 'டிராகன் எலும்பு' என்று நாட்டு மருந்துக் கடையில் விலை போயின. அதில் கீறியிருப்பது புராதன எழுத்து என்று 1899-ல் கண்டுகொண்டவர் வாங் யீரோங் என்ற அறிஞர்.

எல்லாம் சுமார் 3,200 வருஷத்துக்கு முந்தைய அரண்மனை ஜோசியம். மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ ஆமையின் வயிற்று ஓட்டிலோ சூடு வைப்பார்கள். 'படக்'கென்று விரிசல் விடும். அதைப் பார்த்துப் பலன் சொல்லி, கேள்வியையும் பக்கத்திலேயே கீறி வைப்பார்கள். நெட்டுக்கோடு ஒன்று, அதில் ஒட்டினாற்போல் சின்னக் கோடு. 'குறி பார்ப்பது' என்பதற்கான எழுத்து இன்றைக்கும் அந்த விரிசல் மாதிரியேதான் இருக்கிறது.

வூ டிங் ராஜாவின் மனைவி ஃபூ ஹாவுக்குப் பிரசவம் நல்லபடி ஆகுமா என்று ஓர் ஓட்டில் கேட்டிருக்கிறார்கள். 31 நாள் கழித்து நடந்ததையும் எழுதியிருக்கிறார்கள்: குழந்தை பிறந்தது, நல்லதில்லை, பெண்! இரண்டு பெண்களைப் பெற்ற எனக்குச் சுருக்கென்றது.

இத்தனைக்கும் அந்த அம்மாள் 13,000 பேர் படையோடு சண்டைக்குப் போனதாக இன்னொரு எலும்பு சொல்கிறது. 1976-ல் அன்யாங்கில் அவர் கல்லறையைத் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் கிடைத்தன.

கி.மு. 221-ல் தேசத்தை ஒன்றாக்கிய சின் சக்கரவர்த்தி எழுத்தையும் ஒன்றாக்கினார். 1956-ல் அரசாங்கம் பல எழுத்துகளின் கோடுகளைக் குறைத்தது. 'ஹாவ்' தப்பித்துவிட்டது. இன்னமும் ஒரு பெண், பக்கத்தில் ஒரு குழந்தை. 'நீ ஹாவ்' என்று வணக்கம் சொல்கிறார்களே, அதே ஹாவ்தான். அர்த்தம், 'நல்லது'.