செக்கூ பிடித்த இரண்டு யூரோ: எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

"வைத்தியருக்கு 30 யூரோ கட்டினேன். வங்கியில் 13 யூரோதான் விழுந்திருக்கிறது. மியூத்துவெல் தந்தது 9. மிச்சத்தை யார் எடுத்தது?" பாரிஸின் லாச்சப்பலில் சாமான் வாங்க வருகிற எங்கள் சனத்திடம் இந்தக் கேள்வி ஓயாமல் புழங்குகிறது. சிலர், அரச மருத்துவக் காப்புறுதியான செக்கூ ஏமாற்றிவிட்டது என்று கொதிக்கிறார்கள். இன்னும் பலர், "ஏழெட்டு யூரோவுக்காக யார் அலைவது" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவு. பிடிக்கப்படும் காசில் ஒரு பகுதி சட்டம் போட்ட கழிவு. அதை எந்த அலுவலகத்தில் போய்ச் சண்டை பிடித்தாலும் திரும்ப வராது. மறுபகுதி தவறாகப் பிடிக்கப்பட்டது, கேட்டால் வரும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கணக்கைப் பார்ப்போம். பொது வைத்தியரின் கட்டணம் 2024 டிசம்பர் 22 முதல் 30 யூரோ. உங்களுக்குப் பதிவுசெய்த குடும்ப வைத்தியர் இருந்தால் செக்கூ அதில் 70 சதவீதம், அதாவது 21 யூரோ பொறுப்பெடுக்கும். அந்த 21 இலிருந்து 2 யூரோவைக் கழித்துக்கொண்டு 19 யூரோவை அனுப்பும். மிச்ச 9 யூரோ துணைக் காப்புறுதியான மியூத்துவெலிடமிருந்து வரும். கழித்த 2 யூரோவுக்கு 'பார்த்திசிப்பசியோன் ஃபோர்ஃபித்தேர்' என்று பெயர். 2005 இல் ஒரு யூரோவாகத் தொடங்கியது. 2024 மே 15 முதல் இரண்டு யூரோ. இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும்கூட இது உண்டு. வழக்கமான மியூத்துவெல்கள் இதைத் திருப்பித் தருவதில்லை. அது நோயாளியின் பொறுப்பிலேயே நிற்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

இதற்குக் கூடப்பிறந்தது 'ஃபிரான்சீஸ் மெதிக்கால்'. 2008 ஜனவரியில் மருந்துப் பெட்டிக்கு 50 சதம் என்று வந்தது, 2024 மார்ச் 31 முதல் ஒரு யூரோ. தாதி வீட்டுக்கு வந்து ஊசி போட்டாலும், உடற்பயிற்சி வைத்தியரிடம் போனாலும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு யூரோ. தாதிக்கும் உடற்பயிற்சி வைத்தியருக்குமான இந்தக் கழிவை நாளொன்றுக்கு 4 யூரோவுக்கு மேல் பிடிக்க முடியாது. அம்புலன்ஸ் அல்லது செக்கூ ஏற்ற டாக்சி என்றால் பயணத்துக்கு 4 யூரோ, நாளொன்றுக்கு 8 வரை.

அப்படியென்றால் 19 எப்படி 13 ஆனது? அன்று நீங்கள் பார்மசிக்குப் போனீர்கள். காப்புறுதி அட்டையான கார்த் வித்தாலை நீட்டினீர்கள், ஆறு பெட்டி மருந்தை ஒரு சதமும் கொடுக்காமல் வாங்கிவந்தீர்கள். அந்த ஆறு பெட்டிக்கான ஆறு யூரோவை அங்கே உங்களிடம் வாங்க வழியில்லை. அது உங்கள் பெயரில் கடனாகக் கிடக்கும். அடுத்த தடவை உங்கள் வங்கிக்கு ஏதாவது பணம் வரும்போது, அது எந்த வைத்தியர் காசாக இருந்தாலும், அதிலிருந்து கழிக்கப்படும். சில வேளை மாதக்கணக்காகச் சேர்ந்ததை ஒரேயடியாகப் பிடிப்பார்கள். அதனால்தான் தொகை ஒவ்வொரு தடவையும் வேறுவேறாக வந்து ஆளைக் குழப்புகிறது. இதில் களவும் இல்லை, பிழையும் இல்லை.

ஆனாலும் இந்த முறையில் நியாயம் குறைவு என்றே நான் நினைக்கிறேன். நீண்டகால நோய்க்காக நூறு சதவீதம் எடுத்தவர்களுக்கும் இந்தக் கழிவு உண்டு. நீரிழிவு எங்கள் ஆட்களிடம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். மாதம் ஐந்து பெட்டி மருந்து எடுக்கும் ஒருவர், "எனக்கு நூறு வீதமாச்சே, ஏன் பிடிக்கிறார்கள்?" என்று கேட்பது இயல்பானது. நூறு வீதம் என்பது மருந்தின் விலைக்கு, கழிவுக்கு அல்ல. அவருக்குள்ள ஒரே காப்பு ஆண்டு வரம்பு. வைத்தியர் பக்கக் கழிவு ஆண்டுக்கு 50 யூரோ, மருந்துப் பக்கக் கழிவு ஆண்டுக்கு 50 யூரோ, ஆளொருவருக்கு. ஜனவரியில் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். மாதம் ஐந்து பெட்டி எடுப்பவருக்கு ஒக்டோபருடன் வரம்பு முடிந்துவிடும். அந்த ஆண்டு மருந்துக்கு இந்த 50 யூரோவைத் தாண்டிப் பிடித்திருந்தால் அது தவறு, கேட்கலாம்.

கேட்கக்கூடிய மற்றவை இவை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எந்தக் கழிவும் கிடையாது. கர்ப்பிணிக்கு ஆறாம் மாதம் தொடங்கும் நாளிலிருந்து பிள்ளை பிறந்து 12ஆம் நாள் வரை கிடையாது. வருமானம் குறைந்தவர்களுக்கான துணைக் காப்புறுதியான 'செ ரெண்டு எஸ்' உள்ளவர்களுக்கும், விசா இல்லாதவர்களுக்கான அரச மருத்துவ உதவி உள்ளவர்களுக்கும் கிடையாது. இவர்களில் ஒருவருக்குப் பிடித்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, திருப்பித் தர வேண்டும்.

இங்கே 'செ ரெண்டு எஸ்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் அதிகம் காசு இழப்பது இந்த இடத்தில்தான். 2019 நவம்பர் 1 இல் பழைய சேஎம்யூவின் துணைப்பகுதியையும் இன்னொரு உதவித் திட்டத்தையும் சேர்த்து உருவாக்கியது இது. வருமானம் மிகக் குறைவென்றால் இலவசம். கொஞ்சம் கூடவென்றால் வயதைப் பொறுத்து மாதம் 8 முதல் 30 யூரோ. இது கையில் இருந்தால் வைத்தியரிடம் முன்பணம் கட்டத் தேவையில்லை, கழிவும் இல்லை. ஆனால் இது தானாக ஓடிக்கொண்டிருக்காது. RSA எனப்படும் குறைந்தபட்ச வருமான உதவி போன்ற சிலவற்றை எடுப்பவர்கள் தவிர்ந்த மற்றவர்கள், முடிவதற்கு நான்கு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் இடையில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். உணவகச் சமையலறையில் இரண்டு வேலை செய்கிறவருக்கு அந்தக் கடிதத்தைப் பிரிக்க நேரம் இருக்காது. முடிந்துபோனது வைத்தியரிடம் போனபிறகுதான் தெரியவரும். புதுப்பித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது: கார்த் வித்தாலைப் பார்மசியிலுள்ள இயந்திரத்தில் செருகிப் புதுப்பிக்க வேண்டும். அட்டைக்குள் பழைய தகவல் இருந்தால் பணம் கேட்பார்கள், நீங்களும் கட்டிவிட்டு வருவீர்கள். உரிமை தொடங்கிய தேதிக்குப் பிந்திய செலவென்றால் அந்தப் பற்றுச்சீட்டோடு திருப்பிக் கேட்கலாம்.

குடும்ப வைத்தியரைப் பதிவுசெய்யாதவர்களுக்கு இன்னொரு அடி விழுகிறது. 70 சதவீதம் 30 ஆகிறது. 30 யூரோவில் 9. அதிலும் 2 போக 7 யூரோதான் வரும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்தத் தண்டனை பொருந்தாது. "புதிதாக ஆள் எடுப்பதில்லை" என்று நாலைந்து வைத்தியர்கள் கைவிரித்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். செக்கூவிலுள்ள மத்தியஸ்தருக்கு, யார் யாரிடம் கேட்டீர்கள், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். வைத்தியர் தேடித்தருவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று.

சரி, பிழை இருக்கிறது என்று கண்டுவிட்டீர்கள். எப்படிக் கேட்பது? செக்கூவின் இணையத்தளமான அமெலியில் உங்கள் கணக்குக்குள் 'மே பேமான்' என்ற பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் விபரம் வரும். யாருடைய பெயர், எந்தத் தேதி, எவ்வளவு, எவ்வளவு கழிவு. பிள்ளையின் பெயருக்கு நேரே கழிவு இருந்தால் அந்தப் பக்கத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அமெலியின் செய்திப் பெட்டியில் எழுதுங்கள். 3646 க்குத் தொலைபேசி எடுத்தும் சொல்லலாம்; ஆனால் தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை, எழுத்துக்கு இருக்கிறது. நீளமாக எழுத வேண்டாம். பெயர், செக்கூ இலக்கம், செலவின் தேதி, பிடித்த தொகை, ஏன் பிடித்திருக்கக் கூடாது, எழுத்தில் பதில் வேண்டும். இவ்வளவே போதும். பெரும்பாலான சின்னப் பிழைகள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை, "முடியாது" என்று எழுத்தில் முடிவு வந்துவிட்டது என்றால் அடுத்த படி 'கொமிசியோன் து ரெகூர் அமியாப்ல்'. அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் மேன்முறையீட்டுக் குழு. முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதம் உங்களுக்கு. அதனால் கடித உறையை எறியாதீர்கள். அமெலியில் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதால் இந்தக் கெடு நின்றுவிடாது. ஆனால் முடிவுக் கடிதத்தில், எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று எழுதியிருக்காவிட்டால் அந்தக் கெடுவை உங்கள்மேல் சுமத்த முடியாது. கடிதத்தின் பின்பக்கத்தையும் வாசியுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். குழுவுக்கு எழுதும்போது முதல் வரி, "ஜெ கொன்தெஸ்த் செத் தெசிசியோன்", இந்த முடிவை நான் ஏற்கவில்லை. அடுத்து காரணம். கடைசியில் முடிவுக் கடிதத்தின் பிரதி. இரண்டு மாதமாகியும் பதில் இல்லையென்றால் மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து இன்னொரு இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்தின் 'போல் சோசியால்' பிரிவுக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி கட்டாயம் இல்லை.

பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்ப ஐந்து யூரோவுக்கு மேல் ஆகும். இரண்டு யூரோவுக்காக அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப நடந்திருக்கும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதத்தில் கேளுங்கள். பிள்ளை இரண்டு பேர், ஒரு குளிர்காலம், இருமலும் காய்ச்சலும் என்று பார்த்தால் அது இரண்டு யூரோவில் நிற்காது.

எந்த அலுவலகம் என்பதையும் கவனிக்க வேண்டும். கடை லாச்சப்பலில் இருக்கலாம், வீடு லாக்கூர்னேவிலோ புளோன்மெனிலிலோ என்றால் உங்கள் செக்கூ பாரிஸ் அல்ல, 93 ஆம் மாவட்டத்துடையது, நீதிமன்றமும் பொபினி. வீட்டு முகவரிதான் கணக்கு.

குடும்ப உதவியும் வாடகை உதவியும் தரும் காஃப் விடயம் வேறு மாதிரி. அங்கே பிடிப்பது பெரும்பாலும் "கூடுதலாகத் தந்துவிட்டோம், திருப்பித் தா" என்பதற்காக. வீட்டு வாடகை உதவி 2021 ஜனவரி முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைசி 12 மாத வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. மேலதிக நேரம் செய்த மாதம் ஒன்று உள்ளே வந்தால் தொகை மாறும். பிழை யாருடையதாக இருந்தாலும் மோசடி இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு முந்தியதை அவர்கள் கேட்க முடியாது. இங்கே இரண்டு கோரிக்கைகளைக் கலக்கக் கூடாது. "கணக்குப் பிழை" என்பது ஒன்று. "கணக்குச் சரி, ஆனால் கட்ட வசதியில்லை, தள்ளுபடி செய்யுங்கள்" என்பது மற்றது. இரண்டாவதை மட்டும் எழுதினால் கடனை ஒத்துக்கொண்டதாகிவிடும். கணக்கில் சந்தேகம் இருந்தால் முதலில் அதை எழுதி, ஏற்காவிட்டால் தள்ளுபடி வேண்டும் என்று அதே கடிதத்தில் சேருங்கள்.

காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர்களிடம் போவதை நான் குறை சொல்லவில்லை. மொழி தெரியாத இடத்தில் தமிழில் ஒருவர் பேசுவது பெரிய ஆறுதல். ஆனால் அமெலி, காஃப் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் வங்கி இலக்கத்தை மாற்ற அது ஒன்றே போதும். பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து மொழிபெயர்க்கக் கூட்டிப்போவதும் வேண்டாம். பாரிஸின் வட்டாரங்களில் 'எஸ்பாஸ் பரிசியன் தே சொலிதாரித்தே' என்ற சமூக சேவை அலுவலகங்கள் இருக்கின்றன. 'புவான் தக்சே ஓ துருவா' எனப்படும் சட்ட உதவி நிலையங்களில் சட்டத்தரணியிடம் இலவசமாகக் கேட்கலாம். இத்தகைய நிலையங்களில் கடிதம் எழுதித் தரும் 'எக்ரிவான் பூப்லிக்' காசு வாங்குவதில்லை. அலுவலகம் பதிலே தராமல் இழுத்தடித்தால் 'தெஃபோன்சர் தே துருவா' பிரதிநிதியிடம் முறையிடலாம், அதுவும் இலவசம்.

இந்த இடங்களுக்குப் போகும்போது கார்த் வித்தால், விசா, வங்கி இலக்கத் தாள் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்குமாக மாறி, வரவேண்டிய பணம் நடுவில் நிற்கிற வீடுகள் எங்களுக்குள் நிறைய. செலவுக்கான உரிமைக்குப் பொதுவாக இரண்டு வருட ஆயுள்தான். கையெழுத்துப் போட்ட பழுப்புச் சிகிச்சைத் தாள் ஏதாவது இலாச்சிக்குள் கிடந்தால் இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள்.