சைக்காலஜி படிச்சா கவுன்சிலர் மட்டும்தானா? பட்டதாரிகளுக்கு என்னென்ன வாய்ப்பு? கோர்ஸ் சேரும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

"நான் இப்போ மனசுல என்ன நினைக்கிறேன்னு சொல்லு பார்ப்போம்!"

சைக்காலஜி படிக்கும் எவரும் வீட்டு விசேஷங்களில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். அதைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். ஆனால் மூன்றாம் ஆண்டு முடியும் நேரத்தில் அதே சொந்தக்காரர் கேட்கும் அடுத்த கேள்விதான் கொஞ்சம் கஷ்டம். "சரி, இதைப் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போகப் போற?"

வேலை இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், ராணுவத் தேர்வு, ஐடி நிறுவனம், விளையாட்டு மைதானம் எனப் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் பி.எஸ்சி சைக்காலஜி பட்டம் மட்டும் கையில் இருந்தால் ஒருவர் 'சைக்காலஜிஸ்ட்' ஆகிவிட முடியாது. அடுத்து என்ன படிக்கிறோம், அதற்கு யாருடைய அங்கீகாரம் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இங்கே தவறினால் பணமும் போகும், இரண்டு மூன்று வருடங்களும் போகும்.

வழிகள் என்னென்ன? எதற்கு என்ன படிக்க வேண்டும்? பார்க்கலாம்.

யார் சைக்கியாட்ரிஸ்ட்? யார் சைக்காலஜிஸ்ட்?

பலருக்கும் உள்ள முதல் குழப்பம் இது. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவர். எம்.பி.பி.எஸ் முடித்து, அதன்பின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதிக் கொடுக்கும் அதிகாரம் இவருக்கு உண்டு.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருத்துவர் இல்லை. நோயாளியிடம் பேசி, உரிய சோதனைகள் செய்து பிரச்னையை மதிப்பிடுவார். பேச்சு மூலமும் பயிற்சிகள் மூலமும் சிகிச்சை தருவார். மருந்து எழுத மாட்டார்.

கவுன்சிலர் எனப்படும் மனநல ஆலோசகர், படிப்பு அழுத்தம், குடும்பப் பிரச்னை, உறவுச் சிக்கல் போன்ற அன்றாடப் பிரச்னைகளில் வழிகாட்டுபவர். பிரச்னை தீவிரமாக இருந்தால் மேற்சொன்ன இருவரில் ஒருவரிடம் அனுப்பி வைப்பதும் இவருடைய முக்கியமான வேலை.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக என்ன படிக்கணும்?

இந்த வேலைக்கு ஆர்.சி.ஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு கட்டாயம். 1992-ம் ஆண்டு சட்டத்தின்படி இயங்கும் அமைப்பு இது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் பதிவும் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதுவரை இருந்த வழக்கமான பாதை, மூன்று ஆண்டு இளங்கலை, இரண்டு ஆண்டு முதுகலை, அதன்பின் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டு ஆண்டு எம்.ஃபில். மொத்தம் ஏழு ஆண்டுகள். பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

இப்போது இந்தப் பாதை மாறிக்கொண்டிருக்கிறது. எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்துவதாக யுஜிசி 2022-ல் அறிவித்தது. மனநல நிபுணர்களின் தேவையைக் கருத்தில் கொண்டு, கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க் ஆகிய இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை மாணவர்களைச் சேர்க்க விலக்கு கொடுத்தது. இன்னொரு பக்கம், நான்கு ஆண்டு ஆனர்ஸ் பட்டப்படிப்பு, கிளினிக்கல் சைக்காலஜி முதுகலை எனப் புதிய படிப்புகளை ஆர்.சி.ஐ கொண்டு வந்திருக்கிறது.

எனவே சீனியர் அக்கா, அண்ணன் போன பாதை உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். சேரப்போகும் கல்லூரியின் பெயரும், சேரப்போகும் படிப்பின் பெயரும் அந்த ஆண்டுக்கான ஆர்.சி.ஐ பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

தபால் வழியில் எம்.எஸ்சி சைக்காலஜி படிக்கலாமா?

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்கள் அதிகம் தேர்ந்தெடுத்த வழி இதுதான். இனி அது முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜி உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி உத்தரவிட்டிருக்கிறது.

காரணம் என்ன? துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. சைக்காலஜிஸ்ட் பணியும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வருகிறது. மனிதரை நேரில் பார்த்துப் பயிற்சி எடுக்க வேண்டிய தொழிலை வெறும் பாடப் புத்தகத்தை வைத்து கற்றுக்கொள்ள முடியாது என்பதுதான் இதன் அடிப்படை.

இதற்குப் பிறகும் 'வீட்டிலிருந்தே எம்.எஸ்சி சைக்காலஜி' என்று விளம்பரம் வந்தால், உஷாராக இருங்கள்.

கவுன்சிலர் வேலை எங்கெல்லாம் இருக்கு?

எம்.எஸ்சி கவுன்சிலிங் சைக்காலஜி, எம்.எஸ்சி அப்ளைடு சைக்காலஜி முடித்தவர்களுக்கு இதுதான் பெரிய வாசல்.

பள்ளி, கல்லூரிகள்: மாணவர் தற்கொலைகள் தொடர்பான ஒரு வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில், குறைந்தது ஒரு தகுதியான ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. கோச்சிங் சென்டர்களையும் கருத்தில் கொண்டே இந்த வழிகாட்டுதல்கள் வந்தன. முழுமையாக நடைமுறைக்கு வந்தால், இந்தத் துறையில் ஆள் தேவை பல மடங்கு கூடும்.

நம்பிக்கை மையங்கள்: அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஹெச்.ஐ.வி பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்கும் இடம் அது. அங்கே இருக்கும் ஆலோசகர் பணிக்கு சைக்காலஜி, சோஷியல் ஒர்க் படித்தவர்களை எடுக்கிறார்கள். ஒப்பந்தப் பணிதான். ஆனால் ஒரு வருடம் அங்கே வேலை பார்த்தால் கிடைக்கும் அனுபவம் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

நீதிமன்றங்கள்: குடும்ப நல நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் இருக்க வேண்டும் என்று 1984-ம் ஆண்டு சட்டமே சொல்கிறது. 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் கொடுங்குற்ற வழக்கில் சிக்கினால், அவருடைய மனநிலையையும் அந்தச் செயலின் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனையும் இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். அதற்கு அனுபவமுள்ள உளவியலாளரின் உதவியைக் கேட்கலாம் என்று 2015-ம் ஆண்டு சட்டத்தில் இருக்கிறது. ஒரு சிறுவனை வயது வந்தவராகக் கருதி விசாரிப்பதா, வேண்டாமா என்ற முடிவில் அந்த மதிப்பீட்டுக்குப் பங்கு இருக்கிறது. அவ்வளவு பொறுப்பான வேலை இது.

ஹெல்ப்லைன்கள்: மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இது போன்ற தொலைபேசி ஆலோசனை மையங்களிலும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பணியாற்றுகிறார்கள்.

அரசு வேலைக்கு வாய்ப்பு இருக்கா?

இருக்கிறது. ஏதாவது ஒரு டிகிரி போதும் என்று சொல்லும் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி, வங்கித் தேர்வுகளை நீங்களும் எழுதலாம். யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் சைக்காலஜி ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள்கள், மொத்தம் 500 மதிப்பெண்கள். மூன்று வருடம் படித்த பாடத்தையே இங்கேயும் எடுக்க முடிவது பெரிய பலம்.

அடுத்தது ராணுவம். அதிகாரிகளைத் தேர்வு செய்யும் எஸ்.எஸ்.பி நேர்காணல் ஐந்து நாள் நடக்கும். அதில் 60 சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார்கள். சொல்லுக்கு 15 விநாடிதான். மனதில் உடனே தோன்றுவதை எழுத வேண்டும். அந்தப் பதில்களை வைத்து அந்த நபரின் இயல்பைக் கணிப்பது உளவியலாளர்தான். இந்தச் சோதனைகளை உருவாக்குவது டி.ஆர்.டி.ஓ-வின் கீழ் டெல்லியில் இயங்கும் உளவியல் ஆய்வு நிறுவனம். முதுகலை முடித்தவர்கள் அங்கே விஞ்ஞானியாகவும் சேர முடியும்.

ரயில்வேயும் இதில் உண்டு. உதவி லோகோ பைலட், ஸ்டேஷன் மாஸ்டர் பணிக்கு வருபவர்களுக்குக் கவனம், நினைவாற்றல், விரைந்து முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் தேர்வு நடத்துகிறார்கள். ஒரு சிக்னலைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சோதனைகளுக்குப் பின்னால் இருப்பதும் சைக்காலஜிதான்.

கார்ப்பரேட் பக்கம் போனால்?

ஹெச்.ஆர் துறை எல்லோருக்கும் தெரிந்தது. ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, ஊழியர் ஏன் வேலையை விட்டுப் போகிறார் என்று கண்டுபிடிப்பது என எல்லாமே மனிதர்களைப் பற்றிய வேலை. ஆனால் இங்கே எம்.பி.ஏ முடித்தவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். ஆர்கனைசேஷனல் சைக்காலஜியில் முதுகலை இருந்தால் கூடுதல் பலம்.

பலருக்கும் தெரியாத இன்னொரு வாய்ப்பு யூ.எக்ஸ் ரிசர்ச். ஒரு ஆப்பைத் திறக்கும் அம்மா எந்த பட்டனைத் தேடுகிறார், எங்கே குழம்பிப் பாதியில் வெளியேறுகிறார் என்று பார்த்துச் சொல்லும் வேலை. கல்லூரியில் ஆய்வு முறையும் புள்ளியியலும் நடத்தும்போது 'இது எதுக்கு நமக்கு?' என்று தோன்றியிருக்கும். இந்த வேலைக்கு அடிப்படையே அவை இரண்டும்தான். மார்க்கெட் ரிசர்ச் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

சினிமாவில் வருவது போல தடயவியல் வேலை கிடைக்குமா?

ஃபாரன்சிக் சைக்காலஜி படிப்பு இந்தியாவில் இருக்கிறது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள தேசிய தடயவியல் பல்கலைக்கழகம் இதில் முதுகலை வழங்குகிறது. பாலிகிராஃப் போன்ற சோதனைகள் இந்தத் துறையில் வரும். ஆனால் சினிமாவில் காட்டுவது போல யாரையும் பிடித்து உட்கார வைத்துச் சோதித்துவிட முடியாது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் பாலிகிராஃப், நார்கோ சோதனைகளைச் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வேலைவாய்ப்புகளும் குறைவுதான். ஆர்வத்தோடு இந்த யதார்த்தத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுத் துறையில் நிலைமை மாறி வருகிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கு வயது 18. அந்தப் போட்டிக்கு மனதளவில் அவரைத் தயார்படுத்தியவர் பேடி அப்டன். 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியிலும் இதே பணியில் இருந்தவர். ஆட்டத்துக்குக் கோச் இருப்பது போல மனசுக்கும் ஒரு கோச் தேவை என்று அகாடமிகள் உணரத் தொடங்கியிருக்கின்றன.

ஆசிரியர் பணிக்குப் போகலாமா?

தாராளமாக. எம்.எஸ்சி அல்லது எம்.ஏ முடித்து நெட் தேர்வில் தேர்ச்சி பெற்றால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி யுஜிசி நிர்ணயித்த தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் ஆய்வு செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வீட்டில் 'இன்னும் எத்தனை வருஷம் படிப்ப?' என்று கேட்டால் சொல்வதற்கு நல்ல பதில்.

பி.எஸ்சி மட்டும் முடித்திருந்தால்?

எல்லோராலும் உடனே மேற்படிப்புக்குப் போக முடியாது. குடும்பச் சூழல் அப்படி இருக்கலாம். சிறப்புப் பள்ளிகள், ஆட்டிசம் பயிற்சி மையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் உதவியாளராகவும் களப்பணியாளராகவும் சேரலாம். ஹெச்.ஆரில் ஆரம்ப நிலை வேலைகள் உண்டு. தொடக்கத்தில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்து மேற்படிப்புக்குப் போகும்போது, எந்தப் பிரிவு நமக்கு ஒத்துவரும் என்ற தெளிவு இருக்கும்.

ஆறு மாத டிப்ளமோ படித்தால் கவுன்சிலர் ஆகலாமா?

சமூக வலைதளங்களில் இப்போது அதிகம் கண்ணில் படும் விளம்பரம் இதுதான். 'வார இறுதி வகுப்பு, ஆறே மாதம், சர்டிஃபிகேட் உறுதி.' ஏற்கெனவே ஆசிரியராகவோ செவிலியராகவோ இருப்பவர் கூடுதலாகத் தெரிந்துகொள்ள இது பயன்படலாம். ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு மனநலச் சிகிச்சை தர முடியாது.

இதில் நம்ம பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது, அதை அடையாளம் கண்டு உடனே மருத்துவரிடம் அனுப்பத் தெரியாவிட்டால் ஓர் உயிர் போய்விடும். பயிற்சிக்கு இத்தனை வருடங்கள் வைத்திருப்பது அதனால்தான்.

எந்தக் கோர்ஸாக இருந்தாலும் சேரும் முன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. பட்டம் வழங்குவது யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமா? வகுப்பு நேரடியாக நடக்கிறதா?

2. 'கிளினிக்கல்' என்று சொன்னால், ஆர்.சி.ஐ அனுமதி இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? முடித்தபின் எந்தப் பெயரில் பதிவு கிடைக்கும்?

3. பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்? எத்தனை மணி நேரம்? யார் மேற்பார்வை?

4. போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரிடமாவது பேச முடியுமா?

நான்காவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், கட்டணம் கட்டும் அவசரம் வேண்டாம்.

அடுத்த முறை வீட்டு விசேஷத்தில் யாராவது 'நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லு' என்று கேட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். மனதில் இருப்பதை ஜோசியம் போலச் சொல்வது சைக்காலஜி இல்லை. எதிரே இருப்பவர் அதைத் தானாகவே சொல்லும் வரை பொறுமையாகக் கேட்பதைத்தான் இத்தனை வருடம் படிக்கிறீர்கள்.

(மன அழுத்தம், தற்கொலை எண்ணம் போன்றவற்றால் அவதிப்படுகிறீர்களா? 14416 அல்லது 104 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.)