குட்டி இகுவானடானா, தனி இனமா? 20 வருடம் ஆள் மாறிப்போன டைனோசரின் கதை

டைனோசர் என்றதும் பஸ் சைஸில் ஒரு உருவம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் ஹிப்சிலோபோடான் அப்படி இல்லை. வாலையும் சேர்த்து நீளம் சுமார் 2 மீட்டர். எடை ஏறத்தாழ 20 கிலோ, அதாவது ஒரு நாட்டு நாய் அளவு. இரண்டு காலில் ஓடி, இலை தழை தின்று வாழ்ந்த பிராணி. இந்தச் சின்ன உடம்புதான் அதற்கு வினையாகவும் அமைந்தது!

எங்கே கிடைத்தது?

இங்கிலாந்தின் தெற்கே இருக்கும் வைட் தீவில், 1849-ல். கடலோரத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் ஒரு பாறைத் துண்டைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே எலும்புகள். பாறை இரண்டாக உடைந்ததால் ஒரு பாதி கிடியன் மாண்டெலிடமும், மறு பாதி ஜேம்ஸ் பவர்பேங்கிடமும் போய்ச் சேர்ந்தது.

அதே பகுதியில் இகுவானடான் என்ற பெரிய தாவர உண்ணி ஏற்கெனவே பிரபலம். அதனால் 'இது இகுவானடான் குட்டி' என்று முடிவு செய்தார்கள். 'டைனோசர்' என்ற பெயரையே உருவாக்கிய ரிச்சர்ட் ஓவனும் 1855-ல் அதையே சொன்னார். அவர் சொல்லிவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பது?

கேட்டவர் யார்?

வில்லியம் பாக்ஸ். விஞ்ஞானி இல்லை, தீவிலிருந்த தேவாலயம் ஒன்றின் உதவிப் பாதிரியார். நேரம் கிடைத்தால் கடற்கரையில் எலும்பு தேடப் போய்விடுவார். தேவாலய வேலையை விட எலும்புதான் அவருக்கு முக்கியம் என்று உடன் இருந்தவர்களே குறைபட்டுக் கொண்டார்களாம்.

1868-ல் அவருக்கு மண்டை ஓட்டுடன் ஒரு மாதிரி கிடைத்தது. பற்களின் எண்ணிக்கை, உடலின் அளவு விகிதம் எதுவுமே இகுவானடானோடு ஒத்துப்போகவில்லை. 'இது குட்டி இல்லை, வேறு இனம்' என்று ஓவனிடம் சொல்லிப் பார்த்தார். ஓவன் ஏற்கவில்லை. பாக்ஸ் விடவில்லை, தாமஸ் ஹக்ஸ்லியிடம் போனார். 1869-ல் ஹக்ஸ்லி இதைத் தனி இனமாக அறிவித்து, 'ஹிப்சிலோபோடான் பாக்ஸி' என்று பெயர் வைத்தார். பின்பாதிப் பெயர் பாதிரியாருக்கான மரியாதை.

முக்கியமான சாட்சி, பல். இகுவானடானுக்கு மேல்தாடையின் முன்நுனியில் பல்லே கிடையாது, வெறும் அலகுதான். ஹிப்சிலோபோடானுக்கு அங்கே பற்கள் இருக்கின்றன.

மரம் ஏறியதா?

பெயர்க் குழப்பம் தீர்ந்தது. அடுத்த குழப்பம், கால் விரலில். முதல் விரல் மற்ற விரல்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கும், அதனால் கிளையைப் பிடித்து ஏறியிருக்கும் என்று 1912-ல் ஓத்தேனியோ ஆபெல் எழுதினார். மரம் ஏறும் கங்காருவோடு ஒப்பிட்டார். அப்புறம் என்ன, புத்தகப் படங்களில் எல்லாம் இது கிளையில் உட்கார ஆரம்பித்துவிட்டது.

1971-ல் பீட்டர் கால்டன் அந்த எலும்புகளைத் திரும்பப் பார்த்தார். விரல் அப்படித் திரும்பவே திரும்பாது. நீண்ட கீழ்க்கால், விறைப்பான வால் எல்லாமே தரையில் வேகமாக ஓடுவதற்கான அமைப்பு. ஒரு விரலைத் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்த கிட்டத்தட்ட 60 வருடம் ஆனது.

எந்தக் குடும்பம்?

டைனோசர்களைப் பிரிக்க இடுப்பெலும்பு ஒரு முக்கிய அடையாளம். ஹிப்சிலோபோடானுக்கு அதில் ஒரு எலும்பு பறவைகளைப் போலப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் இது 'பறவை இடுப்பு' பிரிவு. வேடிக்கை என்னவென்றால், உண்மையான பறவைகள் வந்தது எதிர்த்தரப்பான 'பல்லி இடுப்பு' பிரிவிலிருந்து!

எதில் சேர்ப்பது என்று தெரியாத சாமான்களைப் போட்டு வைக்க வீட்டில் ஒரு டப்பா இருக்கும் இல்லையா? ஹிப்சிலோபோடான் குடும்பமும் அப்படித்தான் ஆனது. உலகில் எங்கே இரண்டு காலில் ஓடும் சின்ன தாவர உண்ணி கிடைத்தாலும் இதில் போட்டார்கள். பல அம்சங்களை ஒன்றாக ஒப்பிட்டு உறவு முறையைக் கணக்கிடும் ஆய்வுகள் வந்த பிறகு, அவற்றில் பல நெருங்கிய சொந்தமே இல்லை என்று தெரிந்தது. டப்பா ஏறக்குறைய காலி.

இப்போது ஏன் பேச வேண்டும்?

2023-ல் அதே தீவிலிருந்து 'வெக்டிட்ரோமியஸ்' என்ற புதிய சின்ன டைனோசர் அறிவிக்கப்பட்டது. ஹிப்சிலோபோடானின் சொந்தம். கிடைத்தது முழு வளர்ச்சி அடையாத ஒரு குட்டி. 'இது குட்டியா, தனி இனமா?' என்ற அதே பழைய கேள்வி இங்கேயும் வந்தது. இந்த முறை ஆய்வாளர்கள் சைஸை மட்டும் பார்க்கவில்லை, எலும்புகளின் நுணுக்கமான வேறுபாடுகளைப் பார்த்து இது தனி இனம் என்றார்கள்.

1849-ல் பிரிந்துபோன அந்தப் பாறையின் இரண்டு பாதிகளும் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒன்றாக இருக்கின்றன. பெரிய பெயர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருந்தால், இன்னமும் அது இகுவானடான் குட்டிதான். பல்லை எண்ணிப் பார்க்க ஒரு பாதிரியார் தேவைப்பட்டார்.