பால் கக்கும் குழந்தை

பொத்தேரியில் கடைசி ரயில் போன பிறகும் சில வீடுகளில் விளக்கு அணைவதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களைச் சொல்லவில்லை; கைக்குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு நடக்கும் தாய்மாரைச் சொல்கிறோம்.

"கக்கின பிள்ளை தக்கும்" என்று பாட்டிமார் சொல்வது பெரும்பாலும் மெய்தான். இரைப்பையின் வாயிலிலுள்ள தசை வளையம் சிசுக்களுக்கு இன்னும் உறுதிப்படவில்லை. ஆகவே பால் மேலேறி வருகிறது. நான்காவது மாதத்தையொட்டி இது அதிகமாயிருந்து, அநேகமாய் 12 முதல் 18 மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். எடை ஏறி, முகமலர்ச்சியோடிருக்கும் குழந்தைக்கு மருந்து எதற்கு? 1851-ல் இங்கிலாந்தில் தோன்றிய கிரைப் வாட்டரும் இதற்குப் பரிகாரமன்று.

பாலூட்டியபின் 20 நிமிஷமாவது குழந்தையை நிமிர்த்தி வைத்திருந்து, பிறகு மல்லாத்தியே கிடத்துக. புரையேறுமே என்று அஞ்சுவோர் பலர். மல்லாந்திருக்கையில் மூச்சுக் குழல் உணவுக் குழலுக்கு மேலே அமைகிறதல்லவா? அமெரிக்காவில் 1994-ல் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள். உறக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் பிறகு அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தலையணைச் சரிவும், ராத்திரியில் தூளியும் வேண்டாம். மோவாய் மார்பில் மடிந்தால் மூச்சு அடைபடும்.

வாந்தி பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியரிடம் ஓட வேண்டும். பால் பீறிட்டுப் பாய்ந்தாலும், எடை ஏறாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

மற்ற ராத்திரிகளில் வேண்டிய ஔஷதம் தாய்க்குத் தூக்கமே. பாலானதும் குழந்தையை வாங்கித் தோளில் சுமப்பது தகப்பனார் வேலை. காலையில் ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்பார். பிடிக்கட்டும், ரயிலிலாவது அவர் தூங்கலாம். களைத்த தாய் சாய்வு நாற்காலியில் குழந்தையோடு கண்ணயர்வதுதான் பெரிய அபாயம்.