இணையம் மெதுவாக வருகிறதா? கையொப்பமிடும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

ஜேர்மனிக்கு வந்து, முகாமை விட்டு வெளியேறி ஒரு வாடகை வீடு எடுத்ததும் நாம் முதலில் தேடுவது இணைய இணைப்பைத்தான். ஊரிலுள்ள அம்மா, அப்பாவின் முகம் பார்க்கவும், பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கும், எமது மொழி வகுப்புக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் கதைத்துக்கொண்டிருக்கும்போதே படம் அசையாமல் நிற்கிறது. குரல் அறுந்து அறுந்து வருகிறது. கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால், "கூடிய வேகத்துக்கு மாறுங்கள்" என்கிறார்கள். மொழி முழுதாக விளங்காமலே நாமும் ஓமென்று விடுகிறோம். பிறகு 24 மாதங்களுக்குக் கூடுதல் பணம். இரவு வேலை செய்து உழைத்த காசு அது!

தொழிற்சாலையில் மெசின் நின்றால் உடனே புது மெசின் வாங்குவதில்லை. எங்கே பழுது என்றுதான் முதலில் பார்க்கிறோம். வீட்டிலும் அப்படியே செய்வோம். குறை வெளியிலிருந்து வரும் இணைப்பிலா, வீட்டுக்குள் இருக்கும் றூட்டரிலா?

முதலில் றூட்டரை மின்சாரத்திலிருந்து கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் கொழுவுங்கள். பின்னர் ஒரு கொம்பியூட்டரை லான் கேபிளால் நேரே றூட்டருடன் இணைத்து வேகத்தை அளவுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள வேகம் கேபிளில் வருகிறது, வைபையில் மட்டும் வரவில்லை என்றால் இணைப்பில் குறையில்லை. கூடிய வேகம் வாங்கியும் பயனில்லை.

அப்படியானால் றூட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அலுமாரிக்குள்ளும் ரி.வி.க்குப் பின்னாலும் வைக்க வேண்டாம். வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். கொங்கிறீற் சுவர் அலையை நன்றாகத் தடுக்கும். வைபையில் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகள் உண்டு. 2.4 தூரம் போகும். ஆனால் மாடி வீடுகளில் அயலவர் எல்லோருடைய அலையும் அதில் நெரியும், மைக்ரோவேவ் அடுப்பும் அதைக் குழப்பும். றூட்டருக்குக் கிட்ட இருப்பவர்கள் 5இல் இணையுங்கள்.

கேபிளிலும் 95க்குக் கிட்டவே நிற்கிறதா? சில பழைய றூட்டர்களின் கேபிள் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் விடமாட்டா. 250 வாங்கினாலும் அவ்வளவுதான் வரும். கொம்பனியின் றூட்டரைத்தான் பாவிக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. 2016 ஓகஸ்ட் முதல் நாம் விரும்பிய றூட்டரை வாங்கிப் பொருத்தச் சட்டம் இடமளிக்கிறது.

றூட்டர் நல்லது, கேபிளிலும் வேகம் இல்லை என்றால் குறை கொம்பனியுடையது. 2021 டிசம்பரிலிருந்து இதற்கும் சட்டம் உண்டு. பூண்டஸ்நெற்ஸ்அகென்ரூர் என்ற அரச அலுவலகத்தின் 'பிரைற்பான்ட்மெஸ்ஸுங்' என்ற இலவச செயலியைக் கொம்பியூட்டரில் போட்டு, கேபிள் மூலம் 14 நாட்களுக்குள் மூன்று வெவ்வேறு நாட்களில் 30 தடவை அளவுங்கள். குறைவென்று அது காட்டினால் அந்த அறிக்கையைக் கொம்பனிக்கு அனுப்பி, மாதக் கட்டணத்தைக் குறைக்கும்படி கேட்கலாம். ஒப்பந்தத்தை முறிக்கவும் உரிமை உண்டு.

தொலைபேசியிலோ வீட்டு வாசலிலோ ஏற்கனவே ஓமென்று சொல்லிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். 14 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்துவிடலாம். கடிதம் எழுத மொழி தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உதவுங்கள்.