உப்புக்காற்று தின்னும் இணைப்புகள்

கார் மக்கர் பண்ணினால், எந்தச் சாமானை மாற்றுவது என்று உடனே யோசிக்க வேண்டாம். எந்த இணைப்பு கெட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலையில், மின்பகுதியில் வேலை பார்த்தவன் நான். காகிதத்துக்காக வைக்கோல் அவியும் ஈரத்தில் மோட்டர் பழுதாவதற்கு முன்பே அதன் முனைகள் பூத்துப் போகும். இங்கே கார்களுக்கும் அதே வியாதிதான். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. முற்றத்தில் சும்மா நிற்கும் காரையும் உப்புக்காற்று விடாது.

பக்கத்து வீட்டு ரீச்சரின் கார் ஒரு காலையில் அசையவில்லை. “மாமா, லைட் எல்லாம் நல்லா எரியுது. சாவியத் திருப்பினா டிக் எண்டு மட்டும்தான் கேக்குது” என்றார். போன மாதம்தான் ஒரு கராஜில் ஸ்டார்ட்டர் மோட்டரையே மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பொனட்டைத் திறந்து பார்த்தேன். பற்றரி புதியது, முனைகளும் சுத்தம். பற்றரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனேன். எஞ்சினில் முறுக்கியிருந்த இடத்தில் செப்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. எஞ்சின் பக்கக் கவ்வியின் அடியிலும் துரு.

லைட் எரியும்போது ஸ்டார்ட்டர் ஏன் சுற்றாது? ஒரு ஹெட்லைட் எடுப்பது ஏறக்குறைய 5 அம்பியர். ஸ்டார்ட்டர் 100 அம்பியருக்கு மேலும் கேட்கும். துருப்பிடித்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அம்பியர் போகும்போது அங்கே இழப்பது 0.05 வோல்ட்தான். 100 அம்பியர் போகும்போது 1 வோல்ட், 200 என்றால் 2 வோல்ட். அத்தனை சின்னத் தடையைச் சாதாரண மல்டிமீற்றரின் ஓம் அளவில் பிடிக்க முடியாது. மின்சாரம் ஓடும்போதுதான் அது அகப்படும்.

அதைப் பிடிக்கும் முறை இதுதான். மல்டிமீற்றரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் ஈயக் கட்டையிலேயே தொட வேண்டும். கவ்வியில் தொட்டால் கவ்விக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள பழுது தெரியாது. மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிறேக் இழுத்தபடி இருக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த்தில் குறையில்லை. 0.5ஐத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ கெட்டிருக்கிறது. ரீச்சரின் காரில் அதைவிட அதிகமாகவே காட்டியது. ஓட்டமாவடியில் ஒரு கடையில் புது எர்த் வயர் வாங்கி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உரஞ்சிப் பூட்டினோம். முதல் திருப்பலிலேயே எஞ்சின் எழும்பியது. கழற்றி எறிந்த பழைய ஸ்டார்ட்டருக்கு எந்தக் கோளாறும் இருந்திருக்காது என்பது என் எண்ணம். அந்தக் காசு ஒரு ஆசிரியரின் சம்பளத்திலிருந்து போனது. இன்றும் மனம் ஆறவில்லை.

பற்றரி முனை பூத்திருந்தால் நீங்களே கழுவலாம். நெகட்டிவ் கவ்வியை முதலில் கழற்றுங்கள், கடைசியில் பூட்டுங்கள். பொசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது ஸ்பனர் தவறிக் காரின் உடலில் பட்டால் நெருப்புப் பறக்கும். அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினால் அமிலப் பூ நுரைத்துக் கரையும். கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, பூட்டிய பின் மேலே வசலீன் பூசிவிடுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடாது. பற்றரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கும். ஓய்வில் நிற்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 14ஐ ஒட்டி இருக்க வேண்டும். அப்போதும் 12லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களைத்தான் நாடு முழுவதும் காப்பாற்றி ஓட்டினோம். 2022இல் பெற்றோல் இல்லாமல் வாகனங்கள் வாரக்கணக்கில் நின்றபோது பற்றரிகள் படுத்த கதை எல்லாருக்கும் தெரியும். நெடுநாள் நிறுத்துவதானால் நெகட்டிவ் கவ்வியைக் கழற்றி வையுங்கள்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். வாவியோரக் கிணறுகள் பலவற்றில் உவர். அந்த உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வோட்டரும் மட்டுமே ஊற்றுங்கள், அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மார்கழி மழையில் கார் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடலாம். எயார் ஃபில்டரைத் திறந்து ஈரம் பாருங்கள், ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஹைபிரிட் காரின் செம்மஞ்சள் வயர்களை முற்றத்தில் வைத்துத் தொடவே கூடாது. உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் அதில் ஓடுகிறது. அந்தக் கார்கள் பலவற்றில் பின் ஆசனத்துக்கு அருகே பற்றரிக்குக் காற்று இழுக்கும் வாசலைத் தூசி அடைக்காமல் வைத்திருப்பது உங்கள் வேலை, மற்றதெல்லாம் தெரிந்தவர் வேலை. பிறேக்கும் எயார்பேக்கும் அப்படியே. கராஜுக்குப் போகும்போது “ஸ்டார்ட் வருகுதில்ல” என்று மட்டும் சொல்லாமல், பற்றரி எத்தனை வோல்ட், சாவி திருப்பும்போது எத்தனைக்கு இறங்குகிறது, என்ன சத்தம் என்று எழுதிக் கொண்டுபோங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வாருங்கள்.